கரூவில் ஒரு பகல் வட்டநடை: புறப்படும் முன் செய்ய வேண்டியவை

வட்டப் பாதை ஒன்றில் பாதித் தொலைவைக் கடந்துவிட்டவருக்குத் திரும்பி வருவதும் தொடர்ந்து செல்வதும் ஒரே உழைப்புதான். போன வழியே மீளும் பாதையில் களைப்புத் தட்டிய இடத்தில் திரும்பிக்கொள்ளலாம்; வட்டப் பாதை அந்தச் சலுகையைப் பாதி வழி வரைக்கும்தான் தருகிறது. தண்ணீரும் நிழலும் அரிதான, தென்னாப்பிரிக்காவின் கரூ அரைப்பாலையில் இது சிறிய வேறுபாடு அன்று. ஆகையால், எந்த இடத்தில், எத்தனை மணிக்குள், எவ்வளவு தண்ணீர் கையிருப்பில் இருந்தால் மேலே செல்வது, இல்லாவிட்டால் திரும்புவது என்பதை வீட்டு மேசையில் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு, வெயில் தலையில் ஏறுவதற்கு முன்பே தீர்மானித்துவிட வேண்டும். மற்ற ஏற்பாடுகள் எல்லாம் அந்தத் தீர்மானத்துக்குத் துணை நிற்பவையே.

டர்பனிலும் போர்ட் எலிசபெத்திலும் வாழும் நம் குடும்பங்களுக்குக் கடற்கரை வெக்கை பழகிய ஒன்று. அங்கே நடந்தால் சட்டை முதுகில் ஒட்டும். வேர்க்கிறது என்பது தெரியும். தாகம் தானாகவே நினைவுக்கு வரும். கரூவின் காற்றோ உலர்ந்தது. வேர்வை தோலில் நிற்பதற்குள் ஆவியாகிவிடுவதால், உடம்பிலிருந்து நீர் போய்க்கொண்டிருப்பதை நடப்பவர் உணர்வதே இல்லை. தமிழகத்திலிருந்து அண்மையில் இங்கு வேலைக்கு வந்தவர்கள், ‘நாம் பார்க்காத வெயிலா’ என்று எண்ணிவிடக்கூடும். பழகிய வெயில் வேறு, இந்த உலர்வெயில் வேறு என்பதை அவர்கள் முதலிலேயே மனத்தில் கொள்வது நல்லது.

பாதையைத் தேர்ந்தெடுத்தல்

முதல் முறை செல்லும் குடும்பத்துக்கு நான் பரிந்துரைப்பது, கிழக்குக் கேப் மாநிலத்தின் கிராஃப்-ரெய்னெட் நகரைச் சூழ்ந்திருக்கும் காம்டெபூ தேசியப் பூங்காவை. அங்குள்ள ஈர்ஸ்டஃபொன்டெய்ன் பகல் நடைப்பாதை 5, 11, 14 கிலோமீட்டர் என மூன்று அளவுகளில் அமைந்திருப்பதால், குழுவில் உள்ளவர்களில் மிகவும் மெதுவாக நடப்பவரைக் கருத்தில் கொண்டு ஒன்றைத் தேர்ந்துகொள்ள முடிகிறது. வழக்கமாக உடற்பயிற்சி செய்யாத, ஆனால் நல்ல உடல்நலத்தோடு இருக்கும் பெரியவர்களுக்கு 11 கிலோமீட்டர் நடுத்தர அளவு. பத்து வயதுக்குக் கீழே குழந்தைகள் இருந்தால் 5 கிலோமீட்டரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஈர்ஸ்டஃபொன்டெய்ன் என்றால் ‘முதல் ஊற்று’ என்று பொருள். பெயரை நம்பித் தண்ணீரைக் குறைத்து எடுத்துச் செல்லக் கூடாது.

முந்தின நாளே ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிடுவது மிகவும் பயன்தரும். அன்று மாலையில் அதே பூங்காவின் ‘பாழ்வெளிப் பள்ளத்தாக்கு’க்கு மேலே உள்ள ஒன்றரைக் கிலோமீட்டர் வட்டப் பாதையான கிராக் லிசார்டில் எல்லோரையும் ஒரு சுற்று நடக்க வைத்துப் பார்க்கலாம். டாலரைட் பாறைத் தூண்கள் 120 மீட்டர் உயரம் வரை செங்குத்தாக நிற்கும் அந்த விளிம்பிலிருந்து, மறுநாள் நடக்கப்போகும் நிலத்தின் தன்மை கண்ணுக்கு எதிரே விரிகிறது. அதைவிட முக்கியமாக, யாருடைய காலணி கடிக்கிறது, யாருக்கு முழங்கால் வலிக்கிறது, யாருக்கு மூச்சு வாங்குகிறது என்பதெல்லாம் முக்கால் மணி நேரத்தில் தெரிந்துவிடும். மறுநாள் 11 கிலோமீட்டரா 5 கிலோமீட்டரா என்பதை அந்த மாலையே முடிவு செய்யலாம். இன்னும் நேரம் மிஞ்சினால், இந்த ஊரில் 1924இல் பிறந்து 1978இல் இங்கேயே அடக்கம் செய்யப்பட்ட, நிறவெறி ஆட்சியை எதிர்த்த தலைவர் ராபர்ட் சொபுக்வேயின் கல்லறைக்கும் போய் வாருங்கள்.

கரூவில் உள்ள எல்லாப் பூங்காக்களிலும் விருப்பம்போல இறங்கி நடந்துவிட முடியாது என்பதை இங்கே அழுத்தமாகச் சொல்ல வேண்டும். போஃபர்ட் வெஸ்ட் அருகிலுள்ள கரூ தேசியப் பூங்காவில் 2010இலும், கிரடாக் அருகிலுள்ள மலை வரிக்குதிரைப் பூங்காவில் 2013இலும் சிங்கங்களை மீண்டும் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். காம்டெபூவிலும் அணைக்கட்டைச் சுற்றியுள்ள பகுதியில் காட்டெருமைகள் இருப்பதால் அங்கே காரைவிட்டு இறங்கக் கூடாது. பழைய வழிகாட்டி நூலில் பாதை என்று குறிக்கப்பட்டிருப்பது இன்றும் நடக்க அனுமதிக்கப்பட்ட பாதையா என்பதைத் தேசியப் பூங்காக்களை நடத்தும் சான்பார்க்ஸ் அமைப்பின் அலுவலகத்தில் தொலைபேசியில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். வாயில் திறக்கும் நேரத்தையும் அப்போதே கேட்டுவிடலாம். உண்மையான பாலையைப் பார்க்க விரும்பி வடக்குக் கேப்பின் ஆக்ரபீஸ் அருவிப் பக்கம் போகிறவர்கள், கோடையில் அங்கு வெப்பம் 40 பாகையைத் தாண்டுவதால், அந்தப் பயணத்தைக் குளிர்காலத்துக்கென்றே ஒதுக்கிவைக்க வேண்டும்.

பருவமும் பொழுதும்

நம் இலக்கணம் பாலைக்கு நண்பகலைச் சிறுபொழுதாக வைத்தது. பாலையில் நடப்பவர் தவிர்க்க வேண்டியதும் அந்தப் பொழுதைத்தான். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை இந்த நடையை நான் யாருக்கும் சொல்வதில்லை. ஜூன், ஜூலை மாதங்களில் பகல் இதமாக இருந்தாலும், இரவில் உறைநிலைக்குக் கீழே போகும், காலை 7.20 மணி அளவில்தான் விடியும், மாலை ஐந்தரைக்குள் பொழுது சாய்ந்துவிடும். ஏப்ரல், மே மாதங்களும் ஆகஸ்ட் இறுதி முதல் அக்டோபர் தொடக்கம் வரையிலான நாள்களுமே மிக ஏற்றவை.

செப்டம்பர் 24ஆம் தேதி மரபுரிமை நாள் விடுமுறை என்பதால் அதை ஒட்டிப் பலரும் திட்டமிடுகிறார்கள். கிராஃப்-ரெய்னெட்டில் அப்போது காலை ஆறு மணி கழித்து விடிந்து, மாலை ஆறேகால் வாக்கில் பொழுது சாய்கிறது. டர்பன்காரர்கள் தங்கள் ஊரைவிட அங்கே ஏறத்தாழ அரை மணி நேரம் தாமதித்தே வெளிச்சம் வரும் என்பதைக் கணக்கில் கொள்ள வேண்டும். அந்த விடுமுறை புரட்டாசி மாதத்துக்குள் விழுவதையும் மறக்கக் கூடாது. அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

நேரக் கணக்கு

வரைபடத்தில் உள்ள தொலைவை மட்டும் பார்த்து நேரம் குறிப்பது தவறாகவே முடியும். ஸ்காட்லாந்தின் மலையேறி நெய்ஸ்மித் 1892இல் சொன்ன விதி இன்றும் தொடக்கக் கணக்குக்குப் போதுமானது: சமதளத்தில் ஒவ்வொரு 5 கிலோமீட்டருக்கும் ஒரு மணி நேரம், அதற்கு மேல், ஏறும் ஒவ்வொரு 600 மீட்டர் உயரத்துக்கும் இன்னொரு மணி நேரம். எடுத்துக்காட்டாக, 11 கிலோமீட்டர் பாதையில் மொத்த ஏற்றம் 300 மீட்டர் என்று கொண்டால், நடைக்கு 2 மணி 12 நிமிடமும் ஏற்றத்துக்கு அரை மணியுமாக 2 மணி 42 நிமிடம் வரும். ஆனால் அது திடகாத்திரமான ஒருவர் நிற்காமல் நடக்கும் கணக்கு. வயது வேறுபாடுள்ள குடும்பக் குழு, கற்கள் நிறைந்த தரை, வெயில் ஆகியவற்றுக்காக அதில் பாதியைக் கூட்டினால் ஏறத்தாழ 4 மணி நேரம். இளைப்பாறவும் உண்ணவும் ஒரு மணி நேரம் சேர்த்தால் 5. காலை ஆறரைக்கு அடி எடுத்து வைத்தால் பதினொன்றரைக்குக் காருக்குத் திரும்பிவிடலாம். வாயில் எட்டு மணிக்குத்தான் திறக்கும் என்றால் எல்லாமே ஒன்றரை மணி தள்ளிப்போய் நண்பகல் வெயிலில் முடியும். அப்போது 5 கிலோமீட்டரைத் தேர்ந்துகொள்வதே அறிவுடைமை.

எந்தப் பக்கமாகச் சுற்றுவது என்பதையும் இதே கணக்கோடு சேர்த்து யோசிக்க வேண்டும். பெரிய ஏற்றம் காலைக் குளிர்ச்சிக்குள் முடியும்படியான திசையே பெரும்பாலும் சரியானது; அந்தப் பாதைக்குத் திசை குறித்து அம்புக்குறி இருந்தால் அதையே பின்பற்றுங்கள். தென் அரைக்கோளத்தில் நண்பகல் சூரியன் வடக்கே நிற்பதால், மலையின் தெற்குச் சரிவிலும் பெரிய பாறைகளின் தெற்குப் பக்கத்திலுமே நிழல் கிடைக்கும். இந்தியாவில் பழகிய கண் இதை நேர்மாறாக எதிர்பார்க்கும்.

இனித் திரும்பும் இடம். வட்டத்தின் மூன்றில் ஒரு பங்கு முடியும் இடத்தை வரைபடத்தில் முதலில் குறித்துக்கொள்ளுங்கள். 11 கிலோமீட்டருக்கு அது மூன்றரைக் கிலோமீட்டரை ஒட்டி வரும். அங்கே எல்லோரையும் நிறுத்தி, நேரத்தையும் ஒவ்வொருவருடைய தண்ணீரையும் பாருங்கள். குறித்த நேரத்துக்கு மேல் அரை மணி தாமதம் ஆகியிருந்தாலோ, யாராவது தம் தண்ணீரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குடித்துவிட்டிருந்தாலோ, யாருக்காவது தலைவலியோ குமட்டலோ இருந்தாலோ முழுக் குழுவும் வந்த வழியே திரும்ப வேண்டும். குழுவைப் பிரித்து ஒரு பாதியைத் தனியே அனுப்பக் கூடாது. பாதி வழியில் இரண்டாம் முறை பார்க்கும்போது தண்ணீர் பாதிக்குக் குறையாமல் இருக்க வேண்டும்.

புட்டியில் தண்ணீர் நிறைய இருப்பதும் ஓர் எச்சரிக்கை என்பதை நான் தாமதமாகத்தான் கற்றுக்கொண்டேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு புரட்டாசிச் சனிக்கிழமையில் எங்கள் குடும்பத்தார் ஏழு பேர் ஒரு வட்டப் பாதையில் நடந்தோம். பாதி வழியைத் தாண்டி அரை மணி நேரம் சென்றிருக்கும்; மாமா பாதையோரக் கல் ஒன்றில் உட்கார்ந்துவிட்டார். ‘எனக்கு வேர்க்கவே இல்லையே, எதற்கு என்னைத் தண்ணீர் குடி, குடி என்கிறாய்?’ என்றார். அவருடைய சட்டை உலர்ந்துதான் இருந்தது. ஆனால் சட்டைக் காலரின் ஓரத்திலும் புருவத்துக்கு மேலேயும் உப்பு வெள்ளைக் கோடாகப் படிந்திருந்தது. புட்டியைத் தூக்கிப் பார்த்தால், காலையில் நிரப்பிய கனம் குறையவே இல்லை. சனிக்கிழமை விரதம் என்பதால் தேநீர் மட்டும் குடித்துவிட்டுப் புறப்பட்டிருக்கிறார் என்பது அப்போதுதான் தெரிந்தது. நான் ஒவ்வொருவரும் எத்தனை லிட்டர் சுமக்கிறார்கள் என்று எண்ணினேனே தவிர, எவ்வளவு குடித்தார்கள் என்று பார்க்கவில்லை. ஒரு பாறையின் தெற்கு நிழலில் அவரை உட்கார வைத்து, கழுத்தில் ஈரத் துணி சுற்றி, உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை நாற்பது நிமிடம் மிடறு மிடறாகக் கொடுத்த பிறகு, அவருடைய பையை இருவர் பகிர்ந்து சுமக்க, மெல்ல நடந்து முடித்தோம். அன்று முதல், நிற்கும் இடத்தில் எல்லாம் புட்டிகளைக் கையில் வாங்கித் தூக்கிப் பார்ப்பதைக் கட்டாயமாக்கிக்கொண்டேன்.

ஆகவே விரத நாளில் இந்த நடையை வைத்துக்கொள்ளாதீர்கள். புரட்டாசியில் இறைச்சி தவிர்ப்பது நடைக்கு எந்த இடையூறும் இல்லை. வெறும் வயிறுதான் இடையூறு. சனிக்கிழமை ஒருபொழுது இருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை நடக்கலாம்.

தண்ணீரும் சோறும்

இதமான நாளில் மணிக்கு அரை லிட்டர், வெயில் ஏறிய நாளில் அதற்கு மேல் என்பது பெரியவருக்கான கணக்கு. ஐந்து மணி நேர நடைக்கு இரண்டரை லிட்டரும், யாருக்காவது கால் பிசகினால் காத்திருக்க ஒன்றரை லிட்டரும் சேர்த்து, ஒருவருக்கு 4 லிட்டர் எடுத்துச் செல்லுங்கள். அது 4 கிலோ எடை என்பதால் தோள்பையின் முதுகு ஒட்டிய பக்கத்தில் வைக்க வேண்டும். வெறும் தண்ணீரையே அளவுக்கு மீறிக் குடித்துக்கொண்டிருந்தால் இரத்தத்தில் உப்பு குறைந்து மயக்கம் வரக்கூடும். அதற்காக ஒரு லிட்டர் புட்டியில், ஒரு லிட்டர் நீருக்கு அரைத் தேக்கரண்டி உப்பும் 6 தேக்கரண்டி சர்க்கரையும் தலைதட்டி அளந்து கலந்து வைத்துக்கொள்ளுங்கள். காரிலும் ஆளுக்கு இரண்டு லிட்டர் மிச்சம் இருக்கட்டும்.

சோற்றைப் பொறுத்தவரை, தேங்காய் சேர்ந்த எதுவும் வேண்டாம். பருப்பும் வெறும் சோறும் பைக்குள் வெயிலில் கெட்டுவிடும். நல்லெண்ணெயில் நன்றாகத் தாளித்த புளிச்சோறு, நீர் சுண்டும்வரை வதக்கிய உருளைக்கிழங்குக் கறியைச் சுருட்டிய ரொட்டி, வறுத்த வேர்க்கடலை, எலுமிச்சை ஊறுகாய் ஆகியவை தாங்கும்; ஊறுகாய் உப்புக்கும் உதவும். பழத்தில், குளிர்காலத்து நார்ச்சி என்னும் கமலா ஆரஞ்சைவிடச் சிறந்தது இல்லை. ஆஃப்ரிகான்ஸ் பேசுபவர்களும் நாமும் கடையில் கேட்டு வாங்கும் அந்தச் சொல்லே நம் ‘நாரத்தை’யிலிருந்து போனதுதான். தோலைப் பாதையோரத்தில் போடாமல் பையிலேயே திரும்பக் கொண்டுவாருங்கள். உலர்ந்த காற்றில் அது மட்காமல் நெடுநாள் கிடக்கும், பபூன் குரங்குகளையும் மனித உணவுக்குப் பழக்கிவிடும்.

காலும் தோலும்

செருப்பில் நடக்கவே கூடாது. நம் ஊர்க் கருவேலத்தின் உறவான சூட்டுடோரிங் மரம் கரூவின் ஓடைக்கரை எங்கும் உண்டு. அதன் வெள்ளை முள் விரல் நீளத்துக்கு வளர்வது. கீழே விழுந்த குச்சியிலும் விறைப்பாக நின்று, மெல்லிய ரப்பர் அடித்தோலைத் துளைத்துவிடும். பழகிய, தடித்த அடித்தோலுள்ள பூட்ஸும் முழுக்கால் சட்டையும் அணிந்து, ஒரு சிறு இடுக்கியைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். அகன்ற விளிம்புத் தொப்பி, முழுக்கைப் பருத்திச் சட்டை, வெயில் களிம்பு ஆகியவை நிறம் கருத்தவர்களுக்கும் தேவை. காலையில் குளிரும் என்பதால் ஒரு மெல்லிய மேற்சட்டையும் வேண்டும்.

வழியில் சரிவுகளில் தென்படும் ஸ்பெக்பூம் செடியைக் குழந்தைகளுக்குக் காட்டுங்கள். பருப்புக்கீரை இலையைத் தடிப்பாக்கி மரத்தில் ஒட்டியதுபோல இருக்கும். வறட்சியில் அது பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு, இரவில் காற்றை வாங்கி அமிலமாகச் சேர்த்து வைப்பதால், விடியற்காலையில் இலை நல்ல புளிப்பாகவும் மாலையில் புளிப்புக் குறைந்தும் இருக்கும். பூங்காவுக்குள் இலை பறிக்கக் கூடாது; வீட்டுத் தோட்டங்களில் அதைப் பரவலாக வளர்க்கிறார்கள், அங்கே கேட்டு இரு வேளையும் ருசித்துப் பார்க்கலாம்.

பாம்பும் இடியும்

கரூவில் பஃப் ஆடர் என்னும் விரியன், மனித நடமாட்டம் கேட்டும் விலகாமல் மண்ணோடு மண்ணாக அசையாது கிடக்கும். ஆகவே காலை எங்கே வைக்கிறோம், கையை எந்தப் பாறை இடுக்கில் ஊன்றுகிறோம் என்று பார்த்தே செய்ய வேண்டும். பாதையில் குறுக்கே கிடக்கும் பாறையைத் தாண்டுவதற்குமுன் அதன் மறுபக்கத்தைப் பார்க்க வேண்டும். கடித்துவிட்டால் வெட்டுவதோ உறிஞ்சுவதோ இறுக்கிக் கட்டுவதோ கூடாது. கடிபட்டவரை நடக்கவிடாமல் படுக்கவைத்து, கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து, மோதிரம், வளையல், மெட்டி ஆகியவற்றை வீக்கம் வருமுன் கழற்றிவிட்டு, 112 அல்லது 10177 எண்ணை அழையுங்கள். தேளில், இடுக்கி மெலிந்து வால் தடித்திருப்பதே கொடியது.

வெயிலில் ஒருவர் பேச்சுத் தடுமாறினாலோ, நடை தள்ளாடினாலோ, அது வெறும் களைப்பு அன்று, வெப்பவாதம். இருக்கும் தண்ணீரை அவர் உடம்பில் ஊற்றி விசிறிக்கொண்டே உதவிக்கு அழைக்க வேண்டும்.

கோடை நெருங்கும் மாதங்களில் பிற்பகலில் இடிமழை திடீரென்று திரளும். மின்னல் தெரிந்தால் முகட்டையும் தனி மரத்தையும் விட்டு இறங்குங்கள். ஆனால் வறண்ட ஓடைப் படுகையில் ஒதுங்காதீர்கள். லெய்ங்ஸ்பர்க் நகரில் 1981 ஜனவரி 25ஆம் தேதி, பெரும்பாலும் வறண்டே கிடக்கும் பஃபெல்ஸ் ஆறு சில மணி நேரத்தில் பெருகி நூற்றுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. மழை தலைக்கு மேல் பெய்ய வேண்டும் என்பதில்லை, தொலைவில் மலையில் பெய்தாலே போதும்.

தீ மூட்டக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. பயணத்துக்குமுன் கற்பூரம் ஏற்றிச் சக்கரத்தின் கீழ் எலுமிச்சை வைக்கும் வழக்கமுள்ள குடும்பங்கள், அதை வீட்டு வாசலிலேயே முடித்துக்கொள்ளுங்கள். காய்ந்த புல்லுக்கு நடுவே ஒரு பொறியும் வேண்டாம்.

சொல்லிவிட்டுப் போதல்

பள்ளத்தாக்குகளுக்குள் கைபேசிக்கு அலை கிடைப்பதை நம்ப முடியாது. எந்தப் பாதை, எந்தத் திசை, எத்தனை பேர், காரின் எண், எத்தனை மணிக்குத் திரும்புவோம், எத்தனை மணி வரை செய்தி வராவிட்டால் பூங்கா அலுவலகத்தை அழைக்க வேண்டும் என்பவற்றை வீட்டில் இருக்கும் ஒருவருக்கு எழுதி அனுப்புங்கள். வாய்மொழியாகச் சொன்னால் நேரம் மறந்துபோகும். வாயிலில் பதிவேடு இருந்தால் போகும்போதும் வரும்போதும் கையெழுத்திடுங்கள். வரைபடத்தைத் தாளிலும் வைத்திருங்கள்.

நடை முடிந்ததும் கணுக்கால், முழங்காலின் பின்புறம், இடுப்புப் பட்டி ஓரம் ஆகிய இடங்களில் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுத்துவிடுங்கள். அடுத்த இரண்டு வாரங்களுக்குள் காய்ச்சலும் தலைவலியும் வந்தால் மருத்துவரிடம் கரூவில் நடந்ததைச் சொல்ல வேண்டும். அன்றே ஊர் திரும்புவதாக இருந்தால், குடு மான்கள் சாலைக்கு வரும் அந்தி வேளைக்கு முன் நெடுஞ்சாலைப் பயணம் முடியும்படி பார்த்துக்கொள்ளுங்கள். முடியாதென்றால் இன்னோர் இரவு தங்கிவிடுங்கள். எதுவானாலும், காரைக் கிளப்புவதற்குமுன் வீட்டில் காத்திருப்பவருக்கு ‘எல்லோரும் வந்துவிட்டோம்’ என்று ஒரு செய்தி போகட்டும்.